அந்த ஊசியைப் போட்டவள் நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். 2022-ல் பள்ளிக்கூடங்களில் 12 வயது முடிந்த பிள்ளைகளுக்குப் போட்ட கொரோனா தடுப்பூசி 'மரபணு ஊசி' என்கிறார். 'ரீகாம்பினன்ட்' என்று டாக்டர்களே சொல்கிறார்களே, அதற்கு வேறென்ன அர்த்தம் என்றும் கேட்கிறார். படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பேத்தியின் நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பக்கம் சில பள்ளிக்கூடங்களில் அந்த ஊசியைப் போட்டவள் நான்தான். 32 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்துவிட்டு, அந்த வருடம் ஜூன் மாதம் ஓய்வு பெற்றேன். நான் கடைசியாகப் பிடித்த ஊசி கோர்பிவேக்ஸ் என்ற அந்தக் கொரோனா தடுப்பூசிதான்.

முதலில் அந்தப் பெயர் விஷயம். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள் என்றால், ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் பாட்டிலை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பொடி எழுத்தில் 'ஆர்.டி.என்.ஏ.' என்று இருக்கும். அதைத்தான் ரீகாம்பினன்ட் என்கிறார்கள், ஒரு உயிரின் மரபணுக் குறிப்பை இன்னொரு உயிருக்குள் வைத்துச் செய்தது என்று அர்த்தம். முன்பு பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை 1982-லிருந்து நுண்ணுயிரிகளை வைத்தே செய்யத் தொடங்கினார்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தொடையில் போடுகிற ஹெபடைட்டிஸ் பி என்கிற மஞ்சள்காமாலைத் தடுப்பு ஊசியின் குப்பியிலும் அதே எழுத்துதான். ஆயிரக்கணக்கான குப்பிகளை என் கையால் திறந்திருக்கிறேன். ஒரு தகப்பனாரும் அதைக் காட்டி என்னிடம் கேள்வி கேட்டதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானே அதை எழுத்துக்கூட்டிப் படித்ததில்லை.

தப்பு என் பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2022 மார்ச் 16-ஆம் தேதி நாடு முழுக்க 12 முதல் 14 வயதுக்காரர்களுக்குத் தொடங்கினார்கள். 1995-ல் அதே தேதியில்தான் முதல் போலியோ சொட்டு முகாம் நடந்தது. அதனால் மார்ச் 16 எங்களுக்குத் தேசியத் தடுப்பூசி தினம். எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஒரு வாரம் கழித்து முறை வந்தது. எட்டாம் வகுப்பு அறையில் மேசை போட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது வந்த குப்பி ஒன்றில் 20 பேருக்கான மருந்து. திறந்தால் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், மிச்சத்தைத் திரும்ப எடுத்துப்போக முடியாது. ஆதாரில் பிறந்த தேதி பார்த்து, 12 முடிந்ததா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில் 17 பிள்ளைகள்தான் தேறினார்கள். விளையாட்டு வாத்தியார் பைக்கை எடுத்துக்கொண்டு போய், அன்று பள்ளிக்கு வராத மூன்று பேரை வெங்காயக் காட்டிலிருந்து பிடித்து வந்தார். ஒருத்தன் கையில் மண்கூடக் காயவில்லை. அவன் அம்மா, பெரியம்மா, தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"இது என்ன ஊசி நர்சம்மா? எங்களுக்குப் போட்டீங்களே, அதா?"

"இல்லம்மா, இது வேற. புதுசு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் கெடுத்தது. 'புதுசு' என்றதும் அவர்கள் முகம் மாறிவிட்டது. அவன் அம்மா பையனின் கையைப் பிடித்தாள். கூட வந்தவளும் தன் பெண்ணை இழுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டார்கள். 18 பேருக்குப் போட்டேன். இரண்டு பேருக்கான மருந்து குப்பியிலேயே நின்றுவிட்டது. இப்படி எல்லா இடத்திலும் வீணாகிறது என்பதால் அப்புறம் ஒரு டோஸ் குப்பியாகவும் கொண்டுவந்தார்கள்.

நான் சொன்ன 'புதுசு' உண்மையா என்று அன்று ராத்திரி அண்ணன் மகளிடம் கேட்டேன். உயிரித் தொழில்நுட்பம் படித்தவள். ஹைதராபாத் பக்கம் ஒரு மருந்து ஆலையில் வேலை, அந்தச் சமயம் லீவில் வந்திருந்தாள். "ஐயோ அத்தை, அது ரொம்பப் பழைய முறை" என்று சிரித்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தப்பிருந்தால் என் தப்பு.

ஹெபடைட்டிஸ் பி-க்கு முதலில் வந்த தடுப்பூசியை, அந்த நோய்க்கிருமி உடம்பில் இருப்பவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1986-ல் அதை விட்டுவிட்டு, கிருமியின் மேலுறைப் புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் ஈஸ்டுக்குள் வைத்து, ஈஸ்டையே அந்தப் புரதத்தைச் செய்ய வைத்தார்கள். நோய்க்காரரின் ரத்தமும் வேண்டாம், கிருமியும் வேண்டாம். நம் நாட்டில் 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதைச் செய்து, வெளிநாட்டு ஊசி பல நூறு ரூபாய் விற்ற காலத்தில் 50 ரூபாய்க்குக் கொடுத்தது. எங்கள் அரசுத் திட்டத்தில் 2008 வாக்கில் அது வந்து சேர்ந்தது.

"ஈஸ்டுன்னா இட்லி மாவு புளிக்கிற மாதிரியா?" என்று கேட்டேன். "இட்லி மாவைப் புளிக்க வைக்கிறது முக்கியமா பாக்டீரியா அத்தை. ஆப்பத்துக்குக் கள்ளு ஊத்துவாங்களே, அந்தக் கள்ளுல இருக்கிறதுதான் ஈஸ்ட்" என்றாள். கோர்பிவேக்ஸுக்கு அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று. பிக்கியா என்று பெயர். அதன் சாப்பாட்டைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் கிளிசரின் கொடுத்துக் கொழுக்க வளர்த்துவிட்டு, அப்புறம் சொட்டுச் சொட்டாக மெத்தனால் ஊற்றுவார்களாம். மெத்தனாலைக் கண்டதும் அது புரதத்தைச் செய்து வெளியே தள்ள ஆரம்பிக்கும்.

இதை எழுதும்போது மெத்தனால் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விழுந்த 60-க்கும் மேற்பட்ட பிணங்கள்தான் கண்ணில் நிற்கும். மனிதனுக்குக் கண்ணைப் பறித்து உயிரையும் எடுக்கிற அந்தச் சரக்கு இந்த ஈஸ்டுக்குக் கஞ்சி மாதிரி. 1970-களில் அமெரிக்காவில் பிலிப்ஸ் பெட்ரோலியம் என்ற எண்ணெய்க் கம்பெனி, மெத்தனாலில் இதை வளர்த்து மாட்டுத் தீவனம் ஆக்கப் பார்த்ததாம். தீவனக் கணக்கு கட்டுப்படியாகவில்லை. ஆனால் வளர்க்கிற கைப்பக்குவம் மிஞ்சிற்று. ஊசியில் மெத்தனால் இருக்குமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். ஈஸ்டைச் சுழற்றிப் பிரித்து, வடிகட்டி, புரதத்தை மட்டும் பிடிக்கிற குழாய்களில் ஒன்றுக்கு இரண்டு தடவை ஓடவிட்டுத்தான் எடுக்கிறார்கள். வேலையில் பாதி இந்தச் சுத்தம் செய்வதில்தான் போகும் என்கிறாள்.

சரி, எந்தப் புரதம்? கொரோனா கிருமியின் படத்தைப் பார்த்து எல்லோருக்கும் கண் பழகிவிட்டது. எனக்கு அது நெருஞ்சிக்காய் மாதிரிதான் தெரியும். காலில் ஏறுவது அதன் முள். அந்த முள் 1,273 கண்ணிகள் கோத்த புரதச் சங்கிலி. அதிலும் நம் உடம்புச் செல்லைத் தொட்டு ஒட்டிக்கொள்வது நுனி மட்டும், சுமார் 220 கண்ணி. கோர்பிவேக்ஸில் இருப்பது அந்த நுனிதான். நுனியை மட்டும் வைத்து நெருஞ்சி முளைக்காது. அதை உடம்புக்கு முன்கூட்டியே காட்டி வைத்தால், பின்னால் காய் வரும்போது அடையாளம் தெரியும்.

அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு ஊசியில் 25 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு கிராமில் 40,000 ஊசி. எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி ஐந்து லட்சத்து 65 ஆயிரம் சொச்சம் பேர். கைக்குழந்தை முதல் கிழவி வரை அத்தனை பேருக்கும் இரண்டு தவணை போட 28 கிராம், அதாவது மூன்றரைப் பவுன் எடைப் புரதம். ஒரு கல்யாணத்தில் சங்கிலி, வளையல் என்று போடுகிறோமே, அதற்கும் குறைவு. நான் இரண்டு தரம் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

இவ்வளவு கொஞ்சம் புரதத்தை மட்டும் போட்டால் உடம்பு சட்டை செய்யாது. அதனால் உசுப்பிவிட ஏதாவது சேர்க்க வேண்டும். ஒன்று, அலுமினிய உப்பு. நாவிதர் தாடைக்குத் தேய்க்கிற படிகாரத்தின் சொந்தக்காரன். 1920-களிலிருந்து தொண்டை அடைப்பான் ஊசியில் இருக்கிறது. இந்த உப்பு சேர்ந்த ஊசி எதுவானாலும் உறையக் கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஐஸ்கட்டியில் நேராகப் படக் கூடாது.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 2009 வாக்கில் ஒரு நாள் காலை, ஒரு சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். என்கிற தடுப்பூசிக் குளிர்பெட்டியின் திருகை யாரோ அதிகமாகத் திருப்பிவிட்டதால், அடியில் இருந்த முத்தடுப்பு ஊசிக் குப்பிகள் உறைந்து போயிருந்தன. வெளியில் எடுத்து வைத்ததும் தண்ணீராகிவிட்டது. "இறங்கிடுச்சுல்ல, போடுங்க" என்றார் மேலே இருந்தவர். நான் குலுக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். அது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சோதனை. வேண்டுமென்றே உறைய வைத்து இளக்கிய குப்பி ஒன்று, சந்தேகப்பட்ட குப்பி ஒன்று. இரண்டையும் நன்றாகக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே மேசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல குப்பி என்றால் நெடுநேரம் நீர்மோர் மாதிரி ஒரே கலங்கலாக நிற்கும். உறைந்தது திரிந்த பால் மாதிரி செதில் செதிலாகப் பிரிந்து அடியில் உட்காரும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அன்று இரண்டு குப்பியும் ஒன்றுபோல் அடியில் உட்கார்ந்தன. வெளியே 40 தாய்மார் கைக்குழந்தையோடு காத்திருந்தார்கள். அடுத்த புதன்கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. அதனால்தான் கோர்பிவேக்ஸ் வந்த அன்று முதல் வேலையாக, பெட்டிக்குள் ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவில் அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

இன்னொன்று, சி.பி.ஜி. என்று ஒரு சேர்மானம். இதில்தான் உங்கள் வாசகர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அது ஆய்வகத்தில் செயற்கையாகக் கோத்த டி.என்.ஏ. துண்டு. நீளம் வெறும் 22 எழுத்து. எந்தப் புரதத்துக்கான குறிப்பும் அதில் கிடையாது. பாக்டீரியா வந்துவிட்டதோ என்று உடம்பை நினைக்க வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற பெரியவர்களுக்கான ஹெபடைட்டிஸ் பி ஊசி ஒன்றில் ஏற்கெனவே இருந்ததுதான். இதை யாராவது தமிழில் நாலு வரி அச்சடித்து அன்றைக்கு என் கையில் கொடுத்திருந்தால், அந்த இரண்டு தாய்மாரிடம் காட்டியிருப்பேன்.

28 நாள் கழித்து இரண்டாம் தவணைக்குப் போனபோது 'புதுசு' என்ற வார்த்தையை நான் வாயிலேயே எடுக்கவில்லை. "இவன் பிறந்தப்ப தொடையில மஞ்சக்காமாலை ஊசி போட்டேனே, அந்த வகைதான் இது" என்றேன். வெங்காயக் காட்டுப் பையனின் அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "அதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் பையனை முன்னால் தள்ளினாள். அவனுக்கு அன்றுதான் முதல் தவணை. இன்னொருத்தி வரவேயில்லை.

புரத ஊசியில் இன்னொரு வகையும் உண்டு. அது எங்கள் குடும்பத்தில் சண்டையே மூட்டிவிட்டது. அண்ணனுக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம். 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்ததே, அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் சோளம் போட்டவர்களில் அழாதவர்கள் குறைவு. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், உள்ளே புழு. தலையில் தலைகீழாகப் போட்ட 'ஒய்' மாதிரி கோடு, வாலருகே சதுரமாக நாலு புள்ளி. அண்ணன் குருத்துக் குருத்தாக மணல் போட்டார், இனக்கவர்ச்சிப் பொறி கட்டினார், மருந்தும் அடித்தார். போட்ட காசுகூடக் கைக்கு வரவில்லை.

இப்போது கேளுங்கள். அமெரிக்காவில் நோவாவேக்ஸ் என்றும், நம் நாட்டில் சீரம் நிறுவனம் கோவோவேக்ஸ் என்றும் கொடுத்த ஊசியின் புரதத்தைச் செய்தது அதே படைப்புழுவின் செல்கள்தான். உயிருள்ள புழு இல்லை. 1970-களில் கூட்டுப்புழுவின் சினைப்பையிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் வளர்ந்துகொண்டே வருகிற செல் வரிசை. அதற்குள் முள்ளின் குறிப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு புழுக்கொல்லி வைரஸ். நிலக்கடலை, பருத்தி வைத்தவர்களுக்கு அந்த வைரஸ் வகையும் தெரியும். என்.பி.வி. கரைசல் என்று வேளாண்மைத் துறையில் கொடுப்பார்களே, வெல்லம் கலந்து, வெயில் வைரஸைக் கொல்லாமல் இருக்கச் சொட்டு நீலமும் சேர்த்து, சாயங்காலத்தில் அடிக்கச் சொல்வார்களே, அதே குடும்பம். 1983-ல் டெக்சாஸில் மேக்ஸ் சம்மர்ஸ், கேல் ஸ்மித் என்ற இருவர், புழுவைக் கொல்கிற வைரஸை வேலைக்காரனாக மாற்றினார்கள். அந்த கேல் ஸ்மித்தே பிற்பாடு நோவாவேக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார்.

அண்ணன் மகள் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித் தொலைத்துவிட்டாள். அண்ணன் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "என் சோளத்தைத் தின்னவன் செஞ்ச ஊசியா? எவன் போட்டுக்குவான்?" இன்று வரை அந்தப் பேச்சை எடுத்தால் அவருக்கு ஆகாது. ஊசியில் புழுவின் செல் எதுவும் இருக்காது, முள் புரதம் மட்டும் ஐந்து மைக்ரோகிராம் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். கோபம் இருப்பது வயலில் என்பதால் அறிவியல் அங்கே எடுபடவில்லை.

உங்கள் வாசகர் சந்தேகப்படுவதில் நியாயமும் உண்டு. இந்த ஊசிகள் தாமதமாகத்தான் வந்தன. சீனா கிருமியின் மரபணு வரிசையை வெளியிட்டது 2020 ஜனவரியில். அதே வருடம் மார்ச் 16-ஆம் தேதி சியாட்டில் நகரில் முதல் ஆளுக்கு எம்.ஆர்.என்.ஏ. ஊசி போட்டுவிட்டார்கள். சரியாக இரண்டு வருடம் கழித்து அதே தேதியில்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கோர்பிவேக்ஸ். அதற்குள் ஒமைக்ரான் அலை ஜனவரியிலேயே வந்து போய்விட்டது. ஊசியில் இருந்ததோ ஆரம்ப காலக் கிருமியின் நுனி. பல்லாயிரம் பேரை வைத்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டு ஒப்பிடுகிற பெரிய சோதனை நடத்தவில்லை. 33 இடங்களில் 3,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து, எதிர்ப்புச் சக்தியைக் கோவிஷீல்டோடு ஒப்பிட்டுத்தான் அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் பெரும்பாலோர் ஊசி போட்டோ நோய் கண்டோ இருந்ததால் வேறு வழியும் குறைவு. ஆனாலும் அந்த விவரத்தை மக்களுக்குத் தமிழில் சொல்லியிருக்கலாம். கேட்டால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. சொல்லாமல் விட்டதால்தான் இப்படிக் கடிதங்கள் வருகின்றன.

தாமதத்துக்குக் காரணமும் இருக்கிறது. எம்.ஆர்.என்.ஏ. என்றால் குறிப்பை மட்டும் அனுப்பினால் போதும், சமையல் நம் உடம்பில் நடக்கும். புரத ஊசியில் சமையல் முழுவதும் ஆலையில். புரதம் சரியாக மடங்க வேண்டும், சுத்தமாக வேண்டும், அளவு பிசகக் கூடாது. பிரான்ஸின் சனோஃபி 2020 டிசம்பரில் தங்கள் ஊசி வயதானவர்களிடம் சரியாக வேலை செய்யவில்லை என்று அறிவித்தது. புரதத்தை அளக்கப் பயன்படுத்திய சோதனைப்பொருள் பிசகியதால், நினைத்ததை விடக் குறைவான புரதம் ஊசிக்குள் போயிருந்தது. அதே மாதம் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஊசியும் நின்றது. முள் கலையாமல் பிடித்து வைக்க எச்.ஐ.வி. கிருமியின் புரதத் துண்டு ஒன்றைக் கிளிப் மாதிரி சேர்த்திருந்தார்கள். ஆபத்தில்லாத துண்டுதான். ஆனால் ஊசி போட்டவர்களுக்கு எச்.ஐ.வி. சோதனை செய்தால் இருப்பதாகத் தப்பாகக் காட்டியது. ஐந்து கோடி டோஸுக்கு மேல் ஆர்டர் கொடுத்திருந்த அரசு அத்தோடு கைவிட்டது. எனக்கு இந்த இரண்டு செய்தியும் பிடிக்கும். பிசகியதை அவர்களே வாய்விட்டுச் சொன்னார்கள்.

என்னைத் தூங்கவிடாத செய்தி வேறு. கோர்பிவேக்ஸின் ஈஸ்ட் வந்தது டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனிலிருந்து. பீட்டர் ஹோடெஸ், மரியா எலீனா போட்டாஸி என்ற இருவர் அங்கே ஏழை நாடுகளுக்கான தடுப்பூசி செய்கிறவர்கள். 2003-ல் சார்ஸ் வந்து போனது நினைவிருக்கும், அதுவும் கொரோனா குடும்பம்தான். அதற்கு இதே ஈஸ்ட் முறையில் 2011-ல் தொடங்கி 2016-க்குள் ஒரு ஊசியைச் செய்தே வைத்துவிட்டார்கள். மனிதர்களிடம் சோதிக்கப் பணம் கேட்டால், 'சார்ஸ்தான் போய்விட்டதே' என்று ஒருவரும் கொடுக்கவில்லை. ஃப்ரீசரில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாலு வருடம் கழித்து அதன் தம்பி வந்து உலகத்தையே பூட்டினான். சார்ஸ் ஊசியை அப்போதே மனிதர்களிடம் சோதித்திருந்தால், 2020-ல் எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும்?

அப்புறமும் அரசுப் பணம் பெரிதாக வரவில்லை. தனியார் நன்கொடைகள்தான். அதில் ஒன்று டிட்டோஸ் என்ற ஓட்கா கம்பெனி கொடுத்த பத்து லட்சம் டாலர். டாஸ்மாக் வருமானத்தில் அரசு நடக்கிற ஊர்க்காரிக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் செய்தது பெரிய காரியம். காப்புரிமை கோராமல் நம் ஹைதராபாத் பயாலஜிக்கல் ஈ கம்பெனிக்கும், இந்தோனேசியாவின் பயோ ஃபார்மா கம்பெனிக்கும் ஈஸ்டையும் செய்முறையையும் கொடுத்தார்கள். இந்தோனேசியாவில் அது ஹலால் சான்றிதழே வாங்கியது. மிருகக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்ட ஒரு முஸ்லிம் தாயாருக்கு அன்று பதில் தெரியாமல் விழித்தேன். இப்போது தெரியும், அவரைத்தான் காணோம். நம் அரசு 145 ரூபாய் விலையில் வாங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் கோர்பிவேக்ஸை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் எல்லோரும் முகக்கவசத்தை மறந்தாயிற்று.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜன் குழுவினர் செய்த ஒரு புரத ஊசியையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வகம் ஒன்று அதைச் சோதித்தது. 37 டிகிரியில் ஒரு மாதம், 100 டிகிரியில் 90 நிமிடம் வைத்தும் கெடவில்லை என்றது. தண்ணீர் கொதிக்கிற சூடு! சித்திரை வெயிலில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தவளிடம் சொல்லிப் பாருங்கள், அவள் அழுவாள். நான் ஓய்வு பெறுகிற வரை அது என் பெட்டிக்கு வரவில்லை.

கடிதம் நீண்டுவிட்டது என்று தெரிகிறது. இடம் போதாவிட்டால் புழுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், மூன்றரைப் பவுன் கணக்கை மட்டும் வெட்ட வேண்டாம். உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

செங்கல்பட்டு பக்கம் திருமணியில், எச்.எல்.எல். பயோடெக் பெயரில் மத்திய அரசு ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஒன்றைக் கட்டியது. நூறு ஏக்கர் இடம். 2012-ல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதலானது. அங்கே செய்யப்போவதாகச் சொன்ன பட்டியலில் ஹெபடைட்டிஸ் பி-யும் இருந்தது, அதாவது இதே ரீகாம்பினன்ட் வகை. கொரோனா உச்சத்தில் இருந்த 2021-லும் அங்கிருந்து ஒரு குப்பி வரவில்லை. தனியாரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஆள் வரவில்லை. அந்த வருடம் மே 25-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநிலத்துக்கே குத்தகைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அந்த வாரம் எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. உங்கள் பத்திரிகையிலும் பார்த்தேன்.

அதற்கு அப்புறம் என்ன ஆனது என்று எங்கள் ஊர் டீக்கடையில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு நிருபரை அங்கே அனுப்புங்கள். வாசலில் நின்று படம் எடுத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள். புரதம் செய்கிற கூடம் எது என்று கேட்டு உள்ளே போய், கலன் ஓடுகிறதா, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இன்னும் அங்கே சம்பளம் வாங்குகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம். அண்ணன் உங்கள் பத்திரிகைதான் படிக்கிறார்.)